சமாதானப் பணிகட்கே: ஓர் அணுவுலையின் வரலாறு

1950 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பிற் கூடினார்கள். இந்தியாவிலிருந்து நேருவும், பிரித்தானியாவிலிருந்து பெவினும், கனடாவிலிருந்து லெஸ்டர் பியர்சனும், அவுஸ்திரேலியாவிலிருந்து பேர்சி ஸ்பென்டரும் வந்திருந்தனர். சீனாவிற் பொதுவுடைமையாட்சி நிறுவப்பட்டுச் சில திங்களே கழிந்திருந்த காலம் அது. தெற்காசிய, தென்கிழக்காசிய மக்களின் வறுமையைப் போக்காவிடின் அவர்களும் அவ்வழியே செல்வர் என்ற அச்சம் ஒருபாலும், புதிதாக விடுதலைபெற்ற நாடுகளுக்குக் கைகொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் ஒருபாலுமாக அக்கூட்டத்திற் கருக்கொண்டதே கொழும்புத் திட்டம். 1951 யூலை முதலாந் திகதி அது செயற்படத் தொடங்கிற்று.

எமது பாடநூல்கள் இத்திட்டத்தை இரண்டொரு வரியிற் சொல்லி முடித்துவிடுகின்றன. புலமைப்பரிசில்கள், நிபுணர்கள், இயந்திரங்கள் என்று ஒரு பட்டியல், அவ்வளவே. கனடா கொடுத்த தீசற் புகையிரத எஞ்சின்கள் ஒன்டாரியோ, அல்பேட்டா, சஸ்கச்சுவான் எனக் கனேடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி எமது இருப்புப் பாதைகளில் ஓடியதை மூத்தோர் பலர் அறிவர். அதே திட்டத்தின்கீழ், அதே கனடா, இந்தியாவுக்குக் கொடுத்த கொடையொன்று உண்டு. அஃது ஓர் அணுவுலை. எஞ்சின் என்ன செய்கின்றது என்பதைப் புகையிரத மேடையில் நிற்கும் சிறுவனுங் காண்பான். அணுவுலை என்ன செய்தது என்பதை உலகம் ஐயமறக் காண்பதற்குப் பதினான்கு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

மேல்வகுப்பில் இப்பகுதியைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவனொருவன், "கொடுத்தவர்கள் ஒன்றும் கேட்டுக்கொள்ளாமலா கொடுத்தார்கள்?" என்று வினவினான். கேட்டுக்கொண்டுதான் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது என்ன, பெற்றது என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அணுவாயுதப் பரவலைத் தடுக்க இன்று உலகிலுள்ள ஏற்பாடுகளுட் பல அந்த ஒரு வினாவுக்கு அன்று கிடைத்த குறைபட்ட விடையிலிருந்து பிறந்தவை எனலாம்.

அணுவைக் கட்டுப்படுத்தும் முயற்சி குண்டுக்குப் பின் உடனேயே தொடங்கியது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1946 சனவரி 24 ஆந் திகதி நிறைவேற்றிய முதலாவது தீர்மானமே அணுச்சத்தி ஆணைக்குழுவொன்றை நிறுவுவதாயிற்று. அவ்வாண்டு யூன் மாதத்திலே பேர்ணாட் பரூக், உலகின் அபாயகரமான அணுத்தொழில் முழுவதையும் ஒரு சருவதேச அதிகாரசபையிடம் ஒப்படைக்கும் திட்டத்தை ஐக்கிய அமெரிக்காவின் சார்பில் முன்வைத்தார். முதலில் இருக்கும் குண்டுகளை அழியுங்கள், பின்னர் கண்காணிப்பைப் பேசுவோம் என்றார் சோவியத்துப் பிரதிநிதி குரோமிக்கோ. இரண்டும் ஒன்றையொன்று வெட்டி வீழ்ந்தன. அதே ஆண்டு ஓகஸ்டில் ஐக்கிய அமெரிக்கா மக்மகன் சட்டத்தை இயற்றி, போர்க்காலத்தில் தோளோடு தோள் நின்ற பிரித்தானியாவுக்குங் கனடாவுக்குங்கூட அணுவிரகசியங்களின் கதவைச் சாத்தியது. ஆயினும் பூட்டு எதற்கும் பயன்படவில்லை. 1949 இல் சோவியத்து ஒன்றியமும், 1952 இல் பிரித்தானியாவும் தத்தம் குண்டுகளை வெடித்தன.

இரகசியத்தாற் பயனில்லை என்று கண்டபின் கொள்கை மறுதலையாகத் திரும்பிற்று. 1953 டிசம்பர் 8 ஆந் திகதி ஐசனோவர் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நிகழ்த்திய 'சமாதானத்துக்கான அணு' என்ற உரை அத்திருப்பத்தின் அடையாளம். அணுச்சத்தியைப் பிற நாடுகளுக்கு வழங்குவோம். பெறுவோர் அதனைச் சமாதானப் பணிகட்கே பயன்படுத்துவதாக உறுதி கூறட்டும். ஒரு சருவதேச நிறுவனம் அதனை மேற்பார்க்கட்டும் என்பது அதன் சாரம். 1955 ஓகஸ்டில் ஜெனீவாவிற் கூடிய மாநாட்டிலே பத்தாண்டுகளாக மறைத்து வைத்திருந்த ஆய்வுகள் கடைவிரிக்கப்பட்டன. எரிந்த யுரேனியத்திலிருந்து புளுத்தோனியத்தைப் பிரித்தெடுக்கும் இரசாயன முறையும் அக்கடையில் இருந்தது. இப்பொருளை அங்கே விரித்து வைத்தவர்கள் அதன் விலையைச் சரியாக மதிப்பிட்டார்களோ என்பது ஐயமே. மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இந்தியாவின் ஹோமி பாபா.

இனி அந்த உலையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். விஞ்ஞானம் பயிலாத வாசகரும் இதனைப் பொறுமையுடன் படிப்பாராக. பொருளின் இயல்பை அறியாமல் அதுபற்றிய ஒப்பந்தத்தை விளங்கிக்கொள்ள முடியாது. கனடாவின் சோக் றிவர் என்னுமிடத்தில் 1947 யூலையில் இயங்கத் தொடங்கிய உலையொன்றின் மாதிரியில் இந்திய உலை அமைந்தது. போர்க்காலத்தில் பிரித்தானிய, கனேடிய விஞ்ஞானிகள் கூட்டாகத் தொடங்கிய முயற்சியின் விளைவு அது. புளுத்தோனியம் ஆக்குதல் அதன் தொடக்க நோக்கங்களுள் ஒன்று. இயற்கை யுரேனியத்தை எரிபொருளாகவும், பாரநீரை நியூத்திரன்களின் வேகத்தைத் தணிக்கும் பொருளாகவுங் கொண்டது. இயற்கை யுரேனியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பங்கு எளிதிற் பிளவுறாத வகையைச் சேர்ந்தது. அவ்வகை அணுவொன்று உலையினுள்ளே ஒரு நியூத்திரனை விழுங்கினால், சில நாட்களுக்குள் தானாகவே மாறிப் புளுத்தோனியம் ஆகின்றது. இதனை எவருந் தூண்ட வேண்டுவதில்லை. எவரும் விரும்பாவிடினும் அது நிகழும். இத்தகைய உலை ஒரு மெகாவாற்று வலுவில் ஒரு நாள் இயங்கினால் ஏறத்தாழ ஒரு கிராம் புளுத்தோனியம் உண்டாகும் என்பது பொதுக்கணக்கு. இந்திய உலையின் வலு 40 மெகாவாற்று. ஆண்டில் 250 நாள் முழு வலுவில் இயங்குவதாகக் கொண்டால், பத்துக் கிலோகிராம். நாகசாக்கியின்மீது வீழ்ந்த குண்டிலே இருந்தது ஏறத்தாழ ஆறு கிலோகிராம். இக்கணக்கை எட்டாம் வகுப்பு மாணவனும் செய்யலாம். ஒட்டாவாவில் இருந்தோரும் நிச்சயமாகச் செய்திருப்பர். ஏனெனில், சோக் றிவரில் உண்டான புளுத்தோனியத்தை அக்காலத்திற் கனடா ஐக்கிய அமெரிக்காவுக்கு விற்று வந்தது. ஐக்கிய அமெரிக்கா அதனை எதன்பொருட்டு வாங்கியது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவ்வாறாயின் கனடா ஏன் கொடுத்தது? கனடாவின் நோக்கத்தை இழித்துரைப்பது பொருந்தாது. குண்டு செய்யும் ஆற்றலிருந்தும் அதனைச் செய்யாது விட்ட நாடு என்ற பெருமை அதற்குண்டு. நேருவின் இந்தியா மேற்குலகுக்கும் ஆசியாவுக்கும் இடையே பாலமாக அமையும் என்று பியர்சன் போன்றோர் மெய்யாகவே நம்பினர். சோக் றிவரின் தலைமை விஞ்ஞானி லூயிசும் பாபாவும் கேம்பிரிட்ஜ் நாட்களிலிருந்தே அறிமுகமானவர்கள். இவற்றோடு, பாரநீர் உலைகளிலே தான் பெற்றிருந்த அனுபவத்துக்கு உலகச் சந்தையில் இடம் தேடும் வணிக எண்ணமும் இல்லாமலில்லை. 1955 இல் முன்வந்த கொடை, 1956 ஏப்பிரல் 28 ஆந் திகதி ஒப்பந்தமாகக் கையொப்பமிடப்பட்டது. பாரநீர் 21 தொன் ஐக்கிய அமெரிக்காவிலிருந்து வந்தது. கனடா, இந்தியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய மூன்றன் முதலெழுத்துக்களும் சேர்ந்தே அவ்வுலைக்குச் 'சைரஸ்' என்ற பெயர் அமைந்தது.

கண்காணிப்பைப் பற்றிய பேச்சில்தான் சிக்கல் இருந்தது. சருவதேச அணுச்சத்தி நிறுவனம் அப்பொழுது பிறக்கவில்லை. 1957 யூலையிலேயே அதன் யாப்பு நடைமுறைக்கு வந்தது. எனவே எரிபொருளைத் தன் கையில் வைத்துக்கொள்வதே கனடா கண்ட வழி. எரிபொருட் கோல்களைத் தானே வழங்கி, எரிந்தவற்றின்மீது அதிகாரத்தையுந் தானே கொண்டிருந்தால் புளுத்தோனியம் எங்கே போகின்றது என்பது தெரியும். இந்தியா இதற்கு இணங்கவில்லை. எமது மண்ணில் யுரேனியம் உண்டு, அதிலிருந்து எரிபொருளை நாமே ஆக்கிக்கொள்வோம் என்றது. சொன்னபடியே ஆக்கியுங் காட்டியது. கனடா விட்டுக்கொடுத்தது. எஞ்சியது ஒரு வாக்குறுதி மட்டுமே: உலையும் அதன் விளைபொருள்களும் சமாதானப் பணிகட்கே பயன்படுத்தப்படும் என்பது. பாரநீர் பற்றிய அமெரிக்க ஒப்பந்தத்திலும் இதனையொத்த சொற்றொடரே இருந்தது. சமாதானப் பணி என்றால் யாது என்பதை வரையறுக்கும் சொல்லொன்றும் இரண்டிலும் இல்லை.

இவ்விடத்தில் இந்தியாவின் நியாயத்தையுங் கேட்பதே முறை. பாபாவின் திட்டம் மூன்று படிகளைக் கொண்டது. முதற்படியில் யுரேனிய உலைகள். அவற்றில் உண்டாகும் புளுத்தோனியத்தை எரிபொருளாகக் கொண்ட உலைகள் இரண்டாம் படி. கேரளக் கடற்கரை மணலில் மிகுதியாகவுள்ள தோரியத்தைப் பயன்படுத்துவது மூன்றாம் படி. நிலக்கரியும் எண்ணெயும் போதாத பெருநாடொன்றுக்கு இது வெறுங்கனவன்று. இத்திட்டத்திலே புளுத்தோனியம் குண்டுக்கு மருந்தன்று, நாளைய அடுப்புக்கு விறகு. மேலும், உதவி பெறும் நாடுகளை மட்டுமே சோதிக்கும் கண்காணிப்பு உலகை இரு சாதிகளாகப் பிரித்துவிடும் என்று நிறுவனத்தின் யாப்பை ஆக்கிய 1956 ஆம் ஆண்டு மாநாட்டிலே இந்தியப் பிரதிநிதிகள் வாதிட்டனர். ஏற்கெனவே குண்டுகளைக் குவித்து வைத்திருப்போர் சோதனைக்கு உட்படார். மின்சாரத்துக்காக உலை கேட்போர் உட்படவேண்டும். நேற்றுவரை பிறர் ஆட்சியிலிருந்த மக்களுக்கு இது கசந்ததில் வியப்பில்லை. இந்த வாதத்துக்கு நேரான மறுமொழியை அன்று எவரும் கூறவில்லை. பின்னரும் கூறியதாகச் சொல்ல முடியாது.

ஆனால் வாதம் வேறு, உள்ளக்கிடக்கை வேறு. 1948 ஏப்பிரலில் இந்திய அரசியலமைப்புச் சபையில் அணுச்சத்திச் சட்டமூலம் விவாதிக்கப்பட்டபோது நேரு கூறியவை இங்கு நினைவுகூரத்தக்கவை. அணுச்சத்தியைச் சமாதானப் பணிகட்காகவே வளர்க்க வேண்டும் என்று கூறிய அவர், வேறு வகையிற் பயன்படுத்த நாடு நிர்ப்பந்திக்கப்படுமாயின் எவருடைய புனித எண்ணங்களும் அதைத் தடுத்துவிடா என்பதையும் சேர்த்தே கூறினார். இரகசியம் ஆயுத வேலைக்கு மட்டும் போதாதா என்று உறுப்பினரொருவர் கேட்டபொழுது, அவ்விரண்டையும் வேறுபடுத்துவது எவ்வாறு என்று தமக்குத் தெரியவில்லை என்றார் நேரு. மறைப்பின்றி உரைத்த வார்த்தை அது. வேறுபடுத்த இயலாதென்று 1948 இல் பகிரங்கமாகச் சொல்லப்பட்ட ஒன்றன்மீதே 1956 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் முழுப் பாரமும் ஏற்றப்பட்டது. அவ்விவாதத்தின் அறிக்கையை ஒட்டாவாவில் எவரும் படிக்கவில்லையா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சைரஸ் 1960 யூலை 10 ஆந் திகதி பம்பாயையடுத்த டிரொம்பேயில் இயங்கத் தொடங்கியது. எரிந்த கோல்களிலிருந்து புளுத்தோனியத்தைப் பிரிக்கும் தொழிற்சாலை 1964 இல் அங்கேயே ஆயத்தமாயிற்று. ஜெனீவாவில் வெளியிடப்பட்ட அதே இரசாயன முறையே அங்குக் கையாளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 16 ஆந் திகதி சீனா தன் முதற் குண்டை வெடித்தது. 1962 ஆம் ஆண்டு எல்லைப் போரின் புண் இன்னும் ஆறாதிருந்த இந்தியாவில் அவ்வொலி எத்தகைய கலக்கத்தை எழுப்பியிருக்கும் என்பது கூறாமலே விளங்கும். சில நாட்களில் பாபா வானொலியில் தோன்றி, அணுக்குண்டின் செலவு மக்கள் எண்ணுவதினுங் குறைவே என்ற கருத்துப்பட உரையாற்றினார். 1966 சனவரியில் இருவாரத்துக்குள் பிரதமர் சாஸ்திரியும் பாபாவும் மறைந்தனர். வேலை நிற்கவில்லை.

இதற்கிடையே 'சமாதானம்' என்ற சொல்லை விரித்துப் பொருள்கொள்ளும் வழியைக் காட்டியவர் யார்? வல்லரசுகளே. ஐக்கிய அமெரிக்கா 1957 இல் 'கலப்பைக் கொழு' என்னும் விவிலியப் பெயர் சூட்டி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கால்வாய் வெட்டவும், துறைமுகம் அகழவும், எரிவாயு எடுக்கவும் அணுக்குண்டை வெடிப்பது அதன் நோக்கம். 1962 யூலையில் நெவாடாப் பாலைவனத்தில் 104 கிலோதொன் வலுவுள்ள வெடிப்பொன்றால் மாபெருங் குழி தோண்டப்பட்டது. 1965 சனவரியில் சோவியத்து ஒன்றியம் சகான் என்னுமிடத்தில் அவ்வாறே வெடித்து நீர்த்தேக்கமொன்றை ஆக்கியது. 1968 யூலை முதலாந் திகதி கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்பு, சமாதான அணுவெடிப்புக்களின் நன்மையை அணுவாயுதமில்லா நாடுகளுக்கும் வழங்குவதாக உறுதி கூறியது. ஆகவே, வெடிப்பும் சமாதானப் பணியாதல் கூடும் என்பது இந்தியா புனைந்த கதையன்று; உலகின் பெரிய உடன்படிக்கையொன்றிலே அச்சேறிய கருத்து அது. 1967 சனவரி முதலாந் திகதிக்கு முன் வெடித்தவரே அணுவாயுத நாட்டினர் என்ற அதன் வரைவிலக்கணத்தை இந்தியா ஏற்க மறுத்துக் கையொப்பமிடாதிருந்தது. இலங்கை முதல் நாளிலேயே கையொப்பமிட்டது. உறுதிப்படுத்தியது 1979 இல்.

கனடாவுக்குக் காலந்தாழ்ந்து ஐயம் பிறந்தது. 1971 ஒக்டோபரில் பிரதமர் ட்ரூடோ இந்திரா காந்திக்குக் கடிதமெழுதினார். கனடா கொடுத்த உலையையோ பொருளையோ வெடிப்பொன்றுக்குப் பயன்படுத்தினால், அணுத்துறை ஒத்துழைப்பைக் கனடா மீளாய்வு செய்ய நேரும் என்பது அதன் கருத்து. இன்னும் நிகழாத ஒன்றைக் கற்பனை செய்து அதற்காக இப்பொழுதே ஒப்பந்தத்துக்குப் பொருள் விரிக்க வேண்டியதில்லை என்ற வகையில் இந்திரா காந்தி விடையளித்தார். பதினைந்தாண்டுக்கு முன் எழுதியிருக்க வேண்டிய வரைவிலக்கணத்தை ஒரு கடிதத்தின் மூலம் சேர்க்க முயன்றார் ட்ரூடோ. அது முடியுமா?

1974 மே 18 ஆந் திகதி காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின்னர், இராசத்தானத்தின் பொக்ரான் பாலைநிலத்தில் நூறு மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் வெடிப்பு நிகழ்ந்தது. புளுத்தோனியம் சைரசில் உண்டானது. 'சமாதான அணுவெடிப்பு' என்று இந்தியா பெயரிட்டது. உடன்படிக்கையெதனையும் தான் மீறவில்லை என்றும் கூறியது. எழுத்தளவில் அக்கூற்றை மறுப்பது அரிது. உண்மையளவில் நிலை வேறு. அவ்வெடிப்பை நடத்தியோருள் முதன்மையான இராசா இராமண்ணா, அது குண்டே என்று 1997 இல் தாமே ஒப்புக்கொண்டார். நான்கு நாட்களிற் கனடா தன் அணுவுதவிகளை நிறுத்தியது. வெடிப்புக்கும் குண்டுக்கும் வேறுபாடில்லை என்பது தன் நிலைப்பாடு என்றது. 1976 மே மாதத்தில் அந்த ஒத்துழைப்பு முற்றாக அறுந்தது. ஐக்கிய அமெரிக்காவின் போக்கு வேடிக்கையானது. தான் கொடுத்த பாரநீருக்கும் வெடிப்புக்கும் தொடர்பில்லை என்று முதலிற் கூறிய அந்நாட்டரசு, 1976 இல் தொடர்புண்டென ஏற்றுக்கொண்டது. நீர் உலைக்குள்ளேதான் இருந்தது; கூற்றே மாறியது.

இதன் விளைவாக 1975 இல் ஐக்கிய அமெரிக்கா, சோவியத்து ஒன்றியம், பிரித்தானியா, பிரான்சு, மேற்கு யேர்மனி, யப்பான், கனடா ஆகிய ஏழு நாடுகள் இலண்டனிற் கூடின. பனிப்போரில் எதிரெதிர் நின்ற இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து விற்பனை விதிகளை வகுத்தது குறிப்பிடத்தக்கது. அணுப்பொருள் வழங்குவோர் குழு என்று அறியப்படுவது இதுவே. 1978 சனவரியில் வெளியான அவ்விதிகள், கொடுக்கப்படும் பொருள் எவ்வித அணுவெடிப்புக்கும் பயன்படலாகாது என்று வெளிப்படையாகக் கூறின. 'சமாதானப் பணி' என்ற சொற்றொடர் விட்டுச்சென்ற ஓட்டையை அடைத்தது 'எவ்வித வெடிப்பும்' என்ற சொற்றொடர். கூடவே, சருவதேச நிறுவனத்தின் கண்காணிப்பும் கட்டாயமாயிற்று.

கண்காணிப்பு வெறுஞ் சடங்கு என்று கருதுவோர் சைரசின் உடன்பிறப்பொன்றை நோக்குக. அதே சோக் றிவர் மாதிரியில், அதே 40 மெகாவாற்று வலுவில், கனடா தாய்வானுக்கு ஓர் உலையை விற்றது. 1973 இல் அது இயங்கத் தொடங்கியது. தாய்வானிலும் ஆயுத எண்ணம் இருந்தது. கடலுக்கப்பால் இருந்த பகைவனும் சீனாவே. ஆனால் அவ்வுலையினுள்ளே சருவதேச நிறுவனத்தார் சென்று கோல்களை எண்ணினர். அமெரிக்கப் பாதுகாப்பை நம்பி வாழும் நாடாகையால் அமெரிக்கச் சொல்லுக்கும் அங்கே வலிமையிருந்தது. 1988 இல் உலை மூடப்பட்டது, குண்டு பிறக்கவில்லை. எண்ணிக்கையால் மட்டும் இது நிகழ்ந்ததெனச் சொல்வது மிகை. ஆயினும் எண்ணிக்கை இருந்தமையால் ஒளிப்பது கடினமாயிற்று. பாக்கித்தானோ வேறு வழியை நாடிற்று. கராச்சியிலிருந்த கனேடிய உலை கண்காணிப்புக்கு உட்பட்டிருந்தமையால், ஐரோப்பாவிலிருந்து பெற்ற மையநீக்கிகளின் நுட்பத்தைக் கொண்டு யுரேனியத்தைச் செறிவாக்கி, 1998 மே மாதத்தில், இந்தியா மீண்டும் வெடித்த சில நாட்களில், தானும் வெடித்தது. ஒரு கதவை அடைத்தால் வேறு கதவைத் தேடுவோரும் உளர்.

2005 யூலையில் மன்மோகன் சிங்கும் புஷ்ஷும் வெளியிட்ட கூட்டறிக்கை, இந்தியா தன் அணுநிலையங்களைக் குடிசார், படைசார் என இரண்டாகப் பிரித்துக் குடிசார்ந்தவற்றைக் கண்காணிப்புக்கு விடும் என்றது. வேறுபடுத்துவது எவ்வாறென்று நேரு கேட்டதற்கு ஐம்பத்தேழு ஆண்டுகளின் பின் கிடைத்த விடை ஒரு பட்டியல். 2008 செப்டெம்பர் 6 ஆந் திகதி, பொக்ரானின் காரணமாகப் பிறந்த அதே வழங்குவோர் குழு, இந்தியாவுக்கு விதிவிலக்களித்தது. 2010 யூனில் கனடாவும் இந்தியாவும் புதிய அணு ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டன; 2015 இல் கனேடிய யுரேனியம் விற்பதற்கான உடன்பாடும் ஏற்பட்டது.

அப்பட்டியலில் சைரஸ் எப்பக்கம் என்ற வினா எழுந்தபோது, அது எப்பக்கத்திலும் வைக்கப்படவில்லை. குடிசார்ந்ததென்றால் கனடா அன்று கேட்ட சோதனையை இன்று ஏற்கவேண்டும்; படைசார்ந்ததென்றால் 1956 ஆம் ஆண்டு வாக்குறுதி என்னவாயிற்று என்ற கேள்வி வரும். உலையை மூடிவிடுவதாக இந்தியா அறிவித்தது. 2010 டிசம்பர் 31 ஆந் திகதி அது நிறுத்தப்பட்டது. அது வாழ்ந்த ஐம்பது ஆண்டுகளில் அதன் கோல்களை எண்ணுவதற்குச் சருவதேச நிறுவனத்தின் கண்காணிப்பாளர் எவரும் ஒருநாளும் அதனுள்ளே சென்றதில்லை.